சொந்தமாக முதுகுப்பை தைக்க: எதை முதலில் அளப்பது, எதைத் தைத்துப் பார்ப்பது

நீங்கள் கேட்டிருப்பது இது. அலுவலகத்துக்கும் விடுமுறை நாள் நடைபயணத்துக்கும் ஒரே பை வேண்டும். 15.6 அங்குல லேப்டாப், ஏ4 நோட்டு, ஒரு கேமரா, மழைக்கோட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் எல்லாம் உள்ளே போக வேண்டும். வீட்டில் சாதாரணத் தையல் மெஷின் இருக்கிறது. 11 பாக்கெட்டோடு படம் வரைந்தாகிவிட்டது, 1000 டீனியர் (டீனியர் என்பது இழைப் பருமனின் அளவு) நைலான் துணியும் வாங்கியாகிவிட்டது. நேரே வெட்டிவிடலாமா, மாதிரி தைத்துப் பார்க்க வேண்டுமா? கேள்வி துணியைப் பற்றி இருந்தாலும், எந்த முடிவை எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பதுதான் உங்கள் குழப்பம் என்று நினைக்கிறேன். பாக்கெட்டுகள் முடிவாகிவிட்டன, ஆனால் தோள் வார் எங்கே பிடிக்கும் என்பது பற்றிக் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. அதனால் துணியை இன்னும் வெட்டாதீர்கள்.

நான் பை தைக்கும் பட்டறை ஒன்றில் ஆறு ஆண்டுகள் கட்டிங்கிலும் தையலிலும் வேலை செய்தேன். அப்புறம் எட்டு ஆண்டுகளாகச் சொந்தமாக, ஒவ்வொருவர் தேவைக்கும் தனித்தனியாகத் தைத்துக் கொடுக்கிறேன். நான் தைப்பவை பெரும்பாலும் 15 முதல் 35 லிட்டர் வரை கொள்ளும், பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள் சுமக்கும் பைகள். உள்ளே உலோகச் சட்டம் வைத்த பெரிய மலையேற்றப் பைகளை நான் தைத்ததில்லை, ஆகவே கீழே சொல்வதை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். தோளிலோ முதுகிலோ ஏற்கெனவே வலி இருப்பவர் என்றால், எவ்வளவு எடை சுமக்கலாம் என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் வேலைக்குப் பேனாவே தேவையில்லை. பையில் போகப்போகும் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். லேப்டாப் என்றால் அதன் உறையோடு, சார்ஜரோடு. மழைக்கோட்டு என்றால் நீங்கள் வழக்கமாகச் சுருட்டும் விதத்தில் சுருட்டி. கடையில் புதிதாக மடித்து வந்த அளவை நம்பக் கூடாது, நனைந்த கோட்டை அவசரத்தில் திணிக்கும்போது அது இரண்டு மடங்காகிவிடும். அலுவலக நாளுக்கு ஒரு குவியல், நடைபயண நாளுக்கு ஒரு குவியல் என்று பிரித்து இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். நீங்கள் சொன்ன பொருள்களுக்கு ஆறேழு கிலோ வரும் என்று நினைக்கிறேன். பிறகு ஒவ்வொரு குவியலையும் பையில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி அடுக்கி, நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். உயரம் 46, அகலம் 30, ஆழம் 16 என்றால் 22,080 கன சென்டிமீட்டர், சுமாராக 22 லிட்டர். உங்கள் பட்டியலுக்கு இதற்குப் பக்கத்தில்தான் வரும். 35 லிட்டர் வேண்டும் என்று தோன்றினால் எந்தப் பொருள் அதைக் கேட்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் வருடத்தில் இரண்டு நாள் எடுத்துப்போகும் ஏதோ ஒன்றாக இருக்கும், அதை வெளியே வாரில் கட்டிக்கொள்ளலாம்.

இந்த மூன்று அளவில் ஆழத்தைத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 7 கிலோ சுமை, 14 செ.மீ ஆழமுள்ள பையில் இருந்தால் அதன் எடைமையம் முதுகிலிருந்து ஏறக்குறைய 7 செ.மீ தள்ளி இருக்கும். அதே சுமையை 24 செ.மீ ஆழப் பையில் வைத்தால் 12 செ.மீ. எடை கூடவே இல்லை, ஆனால் உங்களைப் பின்னால் சாய்க்கும் திருப்புவிசை 49-இலிருந்து 84 கிலோ-சென்டிமீட்டராகிறது. அதைச் சமாளிக்கத்தான் நாம் நம்மை அறியாமல் முன்னே குனிந்து நடக்கிறோம். ஆகவே லேப்டாப்பும் தண்ணீரும் முதுகை ஒட்டி, கோட்டு போன்ற லேசானவை வெளிப்பக்கம். கேமராவை முன்பாக்கெட்டில் வைப்பதாக வரைந்திருக்கிறீர்கள். லென்ஸோடு ஒன்றரை கிலோ வரும் பொருள் முதுகிலிருந்து மிகத் தூரமான இடத்தில் தொங்கும். அதைப் பையின் நடு உயரத்தில், பக்கவாட்டு ஜிப் வழியாகக் கை எட்டும்படி உள்ளே கொண்டுவாருங்கள் என்பேன்.

இனி உங்கள் முதுகு. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு தெரியும், அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில், கட்டைவிரல் பின்பக்கம் வரும்படி வையுங்கள். இரு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப்புள்ளி. இந்த இரண்டுக்கும் இடையே முதுகின் வளைவோடு நாடாவை ஒட்டவைத்து அளப்பதுதான் முதுகு நீளம். தனியாக அளக்க முடியாது, இன்னொருவர் துணை வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 40-இலிருந்து 55 செ.மீக்குள் வரும். ஆள் உயரத்தை வைத்து இதை ஊகிக்காதீர்கள். ஒரே உயரமுள்ள அண்ணன் தம்பிக்கு 5 செ.மீ வித்தியாசம் பார்த்திருக்கிறேன், அண்ணனுக்குக் கால் நீளம், தம்பிக்கு முதுகு நீளம்.

இந்த அளவு எதற்கு என்றால், எடை எங்கே இறங்குகிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. தோள் சுமப்பதைவிட இடுப்பெலும்பு அதிக எடையைக் களைப்பில்லாமல் தாங்கும். கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி 1952-இல் வீட்டிலிருந்தே முதுகுப்பை செய்து விற்கத் தொடங்கியவர். அலுமினியச் சட்டத்தை அவர் செய்வார், பையை அவர் மனைவி நீனா தைப்பார். சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் செருகி நடந்தபோது தோளில் சுமை குறைந்ததை உணர்ந்துதான் இடுப்புப் பட்டை யோசனை வந்தது என்று சொல்வார்கள். மாதிரி பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எதையும் தைக்காமல், கையில் இருந்ததை வைத்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்களுடைய ஏழு கிலோ பைக்கு இடுப்புப் பட்டை கட்டாயமில்லை. ஆனால் பையின் அடிப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்புக் கோட்டுக்குக் கீழே வெகுதூரம் தொங்கக் கூடாது, மேல்விளிம்பு பிடரியை இடிக்கவும் கூடாது. முதுகு நீளம் 46 என்றால் பையின் உயரமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

இப்போது தோள் வார். ஒரு பையின் நல்லது கெட்டது முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது, இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன். வார் பையில் சேரும் மேல்தையல், தோளின் உச்சியிலிருந்து 4, 5 செ.மீ கீழே முதுகுப்பக்கம் வர வேண்டும். அப்போதுதான் வார் தோளைச் சுற்றி வளைந்து அணைக்கும். தையல் தோளுக்கு மேலே போய்விட்டால் வாருக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி விழும், பை பின்னால் சாயும். மிகக் கீழே போனால் பை உயரப் போய்க் கழுத்தில் இடிக்கும். மேலே இரண்டு வார்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 5 முதல் 8 செ.மீ, வாரின் அகலம் 6 முதல் 7 செ.மீ என்று தொடங்குங்கள். கழுத்து மெலிந்தவருக்கும் தோள் சரிந்தவருக்கும் இடைவெளி குறைய வேண்டும், இல்லாவிட்டால் வார் வெளியே வழுக்கும். வாரை நேர் செங்குத்தாக வைத்துத் தைக்காமல், மேலிருந்து வெளிப்பக்கம் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்த்து வையுங்கள். கழுத்துப் பக்கம் வாரின் விளிம்பு அறுப்பது அந்தச் சாய்வு இல்லாததால்தான் பெரும்பாலும். ஃபோம் வைத்த பகுதி அக்குளைத் தாண்டிச் சில விரற்கடை கீழே வந்து முடிய வேண்டும், பக்கிள் அக்குளுக்குள் உட்காரக் கூடாது. கீழே 25 மி.மீ நாடா பையின் அடிமூலையில் சேரும் இடத்தில் ஒரு முக்கோணத் துணித்துண்டை வைத்து, அதன் நுனியில் நாடாவைப் பிடித்து, துண்டைப் பக்கத் தையலுக்குள் கொடுங்கள். நாடா எந்தக் கோணத்தில் இழுக்கிறதோ அந்தக் கோணத்திலேயே துண்டின் நுனி நோக்கியிருந்தால் தையலின் ஒரு முனையில் மட்டும் விசை ஏறாது.

இந்த எண்களையெல்லாம் ஆரம்பப் புள்ளி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புக்கு எது சரி என்று காகிதத்தில் தெரியாது, அங்கேதான் மாதிரி வருகிறது. ஒரு மாதிரியில் எல்லாவற்றையும் சோதிக்க நினைப்பவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். என் வழக்கம், ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரே கேள்வி. முதலாவது அட்டைப்பெட்டி. பையின் பின்பலகை (பையின் முதுகுப்பக்கத் துணித்துண்டைத்தான் பலகை என்கிறேன்) அளவுக்கு அட்டை வெட்டி, 46, 30, 16 என்று பெட்டியாக ஒட்டி, பொருள்களை உள்ளே வைத்துப் பார்ப்பேன். கேள்வி: அளவு சரியா, கை எட்டுகிறதா? அரைமணி நேர வேலை. லேப்டாப்பை வெளியே எடுக்க எவ்வளவு வாய் திறக்க வேண்டும் என்று இதிலேயே தெரிந்துவிடும். உங்கள் 11 பாக்கெட்டில் எவை நிஜமாகத் தேவை என்பதும் இங்கே தெரியும். பெட்டியின் மேல் பேனாவால் பாக்கெட்டுகளை வரைந்து, மூன்று நாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் பொருள்களை அதிலிருந்து எடுத்து வைப்பதுபோல் செய்து பாருங்கள். கை ஒருமுறைகூடப் போகாத பாக்கெட்டை அழித்துவிடுங்கள்.

இரண்டாவது மாதிரிக்குப் பழைய படுக்கை விரிப்பு போதும், கெட்டியான பருத்தி என்றால் இன்னும் நல்லது. பாக்கெட், லைனிங், ஜிப் எதுவும் வேண்டாம், மேல்வாய் திறந்தே இருக்கட்டும். ஆனால் தோள் வார் மட்டும் நிஜமான ஃபோம், நிஜமான நாடா, நிஜமான பக்கிளோடு இருக்க வேண்டும். இதன் கேள்வி: வார் எங்கே? வாரின் மேல்முனையை மெஷினில் தைக்காமல் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுப் பிடியுங்கள், நாலு முறை பிரித்து மாற்ற வேண்டியிருக்கும். காலிப் பையைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஏழு பாட்டிலை நிரப்பித் துண்டுகளில் சுற்றி, நிஜப் பொருள் இருக்கும் இடத்திலேயே அடுக்குங்கள். லேப்டாப் இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவு பலகையோ தடித்த அட்டையோ. அப்படியே முக்கால் மணி நேரம் நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள், குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எந்தப் பையும் நன்றாகத்தான் இருக்கும். எங்கே அழுத்துகிறது என்பது அரைமணிக்கு மேல்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தோளுக்கும் வாருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மேல்தையலைக் கீழே இறக்க வேண்டும். தெரிந்ததையெல்லாம் மாதிரித் துணியின் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். நோட்டில் எழுதினால் இடது எது வலது எது என்று அடுத்த வாரம் குழம்பும்.

மூன்றாவது மாதிரி முழுப் பை. நிஜத் துணியின் தடிமனுக்குப் பக்கத்தில் இருக்கும் மலிவான துணியில், ஜிப், ஃபோம், ஓரப்பட்டி எல்லாம் வைத்து. கேள்வி: இதைத் தைக்க முடிகிறதா, எந்த வரிசையில்? இதைத் தவிர்த்துவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றி, ஒரு பை முழுதாக வீணானது. மெல்லிய பருத்தியில் மாதிரி சரியாக வந்த தைரியத்தில் 1000 டீனியரை வெட்டினேன். லேப்டாப் அறையின் உள்ளகலம் மாதிரியில் 38 செ.மீ இருந்தது. நிஜப் பையில் இருபுறமும் ஃபோம், மடங்கிய ஓரம், பட்டி எல்லாம் சேர்ந்து உள்ளே தின்றுவிட்டு 35.5 ஆகிவிட்டது. 36 செ.மீ லேப்டாப் உள்ளே போகவில்லை. தடித்த துணி மடங்கும் இடத்தில் தன் தடிமனுக்கும் இடம் கேட்கும். அன்றிலிருந்து எந்த அறையையும் பொருளின் அளவுக்கு மேல், ஃபோம் தடிமன்களையும் கூட்டி, இன்னும் 2 செ.மீ விட்டுத்தான் வெட்டுகிறேன்.

பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித அளவு) வெட்டும்போது ஒரு கணக்கை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முன்பலகை 46-க்கு 30. அதைச் சுற்றி ஓடும் பக்கப்பட்டையின் நீளம் எவ்வளவு? இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 152 செ.மீ. ஆனால் மூலைகளை 6 செ.மீ ஆரத்தில் வளைத்திருந்தால் சுற்றளவு 141.7 தான் வரும், பத்து சென்டிமீட்டருக்கு மேல் குறைவு. 152-க்குப் பட்டை வெட்டியவர் கடைசி மூலையில் சுருக்கம் விழுந்து, தையலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொன்று, தையலுக்கு 12 மி.மீ துணி விட்டிருந்தால் வெட்டிய விளிம்பில் நாடா வைத்து அளந்தால் 149.2 வரும். தையல் ஓடும் கோட்டில் அளந்தால்தான் 141.7. பட்டை பொருந்த வேண்டியது தையல் கோட்டுக்கு. அதனால் முதலில் தையல் கோட்டை வரையுங்கள், எல்லா அளவையும் அதில் எடுங்கள், அப்புறம்தான் சுற்றிலும் 12 மி.மீ சேர்த்து வெட்டுக்கோடு போடுங்கள். பலகையின் நான்கு பக்க நடுவிலும், வளைவு தொடங்கும் முடியும் இடங்களிலும் சின்ன வெட்டு அடையாளம் வையுங்கள், பட்டையிலும் அதே இடங்களில். வளைவில் பட்டை மடங்க மறுத்தால் அதன் ஓரத்தில் 8 மி.மீ ஆழத்துக்குச் சிறு வெட்டுகள் கொடுக்கலாம், தையல் கோட்டைத் தொடக் கூடாது.

தைக்கும் வரிசையைப் பின்னாலிருந்து யோசியுங்கள். கடைசித் தையல் எது, அதைப் போடும்போது பை எப்படித் திரும்பியிருக்கும், மெஷினின் கால் அங்கே நுழையுமா என்று கேட்டுக்கொண்டே முன்னுக்கு வாருங்கள். பொதுவாகத் துண்டுகள் தட்டையாக இருக்கும்போதே பாக்கெட், ஜிப், நாடா, தோள் வார் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பை உருவம் எடுத்த பிறகு சுற்றுத் தையல் இரண்டு மட்டுமே மிச்சமிருக்க வேண்டும். பாக்கெட்டில் ஒரு விஷயம். தட்டையாகத் தைத்த முன்பாக்கெட்டுக்குச் சொந்த இடம் கிடையாது. பை நிறைந்து புடைத்ததும் அதற்குள் கை போகாது. அடியில் மடிப்போ பக்கத்தில் தனிப் பட்டையோ கொடுத்தால்தான் அது பாக்கெட்.

துணிக்கு வருவோம். டீனியர் என்பது 9000 மீட்டர் இழையின் எடை கிராமில். 1000 டீனியர் என்றால் அந்த இழை ஒரு கிலோ. அது இழையின் பருமனைச் சொல்கிறதே தவிர, துணியின் தரத்தைச் சொல்லவில்லை. நெசவு எவ்வளவு நெருக்கம், பின்பக்கப் பூச்சு என்ன என்பதும் சேர்ந்ததுதான் துணி. நீங்கள் வாங்கிய துணி தரையில் உரசும் அடிப்பகுதிக்கும், வார் பிடிக்கும் முதுகுப் பலகைக்கும் அருமையாகப் பொருந்தும். மற்ற இடங்களுக்கு 420 அல்லது 500 டீனியர் போதும், எடையும் குறையும், வீட்டு மெஷினும் தப்பிக்கும். நைலான் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் தளரும், பாலியெஸ்டர் அவ்வளவாகத் தளராது, வெயிலையும் அதைவிட நன்றாகத் தாங்கும். வார் துண்டுகளைப் பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) வாரின் நீளத்தில் ஓடும்படி வெட்டுங்கள். கிராஸில், அதாவது மூலைவாட்டில் வெட்டிய வார் எடை ஏறியதும் நீளும்.

உங்கள் மெஷின் தாங்குமா என்பதைப் பையைத் தொடுமுன் தெரிந்துகொள்ளலாம். பையிலேயே மிகத் தடித்த இடம் எது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் வாரின் மேல்தையல்: இரண்டு மடிப்பு துணி, ஃபோம், நாடா, மெஷ் (வலைத்துணி), முதுகுப் பலகை. அதே அடுக்கைக் கழிவுத் துணியில் செய்து தைத்துப் பாருங்கள். நூல் பாலியெஸ்டரில் டெக்ஸ் 70, அதாவது 1000 மீட்டருக்கு 70 கிராம். மெஷின் முரண்டுபிடித்தால் டெக்ஸ் 40-க்கு இறங்கி, வலு வேண்டிய இடத்தில் இரண்டு முறை ஓட்டுங்கள். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். ஊசி 100 அல்லது 110. அந்த எண் மில்லிமீட்டரில் நூறின் பங்கு, 100 என்றால் ஒரு மி.மீ பருமன். தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. நெருக்கமாகப் போட்டால் வலு கூடும் என்று நினைப்பது தவறு, பூச்சுத் துணியில் அது கிழிக்கும் கோடாகிவிடும். குண்டூசியும் குத்தக் கூடாது, அந்த ஓட்டை மூடாது, கிளிப் போடுங்கள். மிகத் தடித்த இடத்தில் மிதிப்பதை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் மெஷினை வதைக்காதீர்கள். அடுக்கைக் குறைத்து வடிவமைப்பை மாற்றுங்கள், அல்லது ஃபோமை ஓரத்திலிருந்து 15 மி.மீ உள்ளே தள்ளி வெட்டுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

வார் சேரும் இடத்தில் ஒரே துணியை நம்பக் கூடாது. முதுகுப் பலகைக்குப் பின்னால் குறைந்தது 10 செ.மீ உயரத்துக்கு இன்னொரு துணி வைத்து, நாடாவை வாரின் ஃபோமுக்கு மேலாக ஓட்டி, பலகைக்குள் 4 செ.மீ நுழைத்து, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்து, முனைகளில் நெருக்கமான ஜிக்ஜாக் போட்டு முடியுங்கள். முழுப் பையையும் முடிக்கும் முன் இந்த ஒரு இணைப்பை மட்டும் தனித் துண்டில் செய்து, 20 லிட்டர் தண்ணீரைத் தொங்கவிட்டு ஒரு இரவு விட்டுப் பாருங்கள், காலையில் நாலைந்து முறை வெடுக்கென்று தூக்கி இழுங்கள். நூல் ஓட்டைகள் நீண்டிருந்தால் துணி போதவில்லை. ஓட்டைகள் அப்படியே இருந்து நூல் அறுந்திருந்தால் நூலும் மெஷினில் நூலின் இறுக்கமும் சரியில்லை.

ஜிப் பற்றிச் சுருக்கமாக. எண் என்பது மூடிய பற்களின் அகலம், சுமாராக மில்லிமீட்டரில். முதன்மை வாய்க்கு 8 அல்லது 10, பாக்கெட்டுக்கு 5. வளைவில் ஓட வேண்டுமானால் சுருள்பல் ஜிப். நீர் புகாத ஜிப் வாங்கிவிட்டால் பை நனையாது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு ஊசி ஓட்டையும் ஒரு வழிதான். மழைக்கு லேப்டாப்பைத் தனி நீர்புகா உறையில் வைப்பதே நிச்சயமான வழி.

இதுவரை சொன்னதில் அளவுக் கணக்கும், எடை முதுகை ஒட்டி இருக்க வேண்டும் என்பதும், நூல் ஊசி விஷயமும் சந்தேகமில்லாதவை. இனி சொல்வதில் தைப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தோளுக்கு மேலிருந்து பையை முன்னே இழுக்கும் சிறு நாடாக்கள், உள்ளே விறைப்பான சட்டம் தோளைவிட உயரமாக எழும் பைகளில் வேலை செய்கின்றன. உங்கள் அளவுப் பையில் அவை பெரும்பாலும் அலங்காரம் என்பது என் கருத்து. மார்பு நாடா சிலருக்கு உயிர், சிலர் தொடவே மாட்டார்கள். மேலும் கீழும் நகரும்படி வைத்தால் சண்டையே இல்லை. உடல் எடையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் சுமக்கக் கூடாது என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. பொதுவான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதைச் சேர்க்காத எண்ணுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பதில்லை. வாரின் வளைவு எஸ் வடிவமா, லேசான வில் வடிவமா என்பதற்கும் ஒரே விடை இல்லை. மார்பின் அமைப்பைப் பொறுத்து மாறும். எஸ் வடிவம் பெரும்பாலான பெண்களுக்கு நன்றாகப் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இரண்டையும் ஃபோமில் வெட்டிப் போட்டுப் பார்த்துத்தான் தருவேன். முதுகுப் பலகைக்கு மடித்த பழைய ஃபோம் பாய் விறைப்பாகப் போதும் என்பேன், பிளாஸ்டிக் தகடு வேண்டும் என்பவர்களும் உண்டு. லேப்டாப்பே ஒரு தகடுபோல் நிற்கும் பையில் இரண்டும் சேர்ந்தால் முதுகின் வளைவோடு ஒட்டாது.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: அட்டை ஒன்று, விரிப்புத் துணி ஒன்று, மலிவுத் துணியில் முழுப் பை ஒன்று, இந்த மூன்றும் முடிந்த பிறகு நைலானை வெட்டலாம். வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு மூன்று வார இறுதிகள் பிடிக்கும். மூன்றாவது மாதிரியை வீணென்று நினைக்காதீர்கள். அதையே ஒரு மாதம் தினமும் எடுத்துப் போங்கள். இரண்டாவது மாதிரியில் வாரின் இடம் பிடிபடவில்லை என்றால், உங்கள் முதுகு நீளத்தையும், ஏழு கிலோ ஏற்றிப் பக்கவாட்டில் எடுத்த போட்டோவையும் இங்கே போடுங்கள். முகம் வேண்டாம், தோளிலிருந்து இடுப்புவரை தெரிந்தால் போதும். மேல்தையலை எத்தனை சென்டிமீட்டர் நகர்த்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.